ஓடைக்குப் பொறுப்பானவர்

நீர்ப்பாறை
11 நவம்பர் 2024

நர்மதா,

'அன்புள்ள' என்று எழுதி அடித்தேன். பிறகு வேறு தாள் எடுத்துக்கொண்டேன்.

உன் கட்டுரையை எங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நீ ஆங்கிலத்தில் எழுதியதை யாரோ மலையாளத்தில் மாற்றி ஒரு வார இதழில் போட்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்க மெம்பர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்துவிட்டார்கள். சீனக் கிராமத் தலைமையையும் கேரள மலைக்கிராமத் தலைமையையும் ஒப்பிட்டிருக்கிறாயாம். என் பெயரை நீ போடவில்லை, சரி. ஆனால் தமிழ் பேசும் மலைக்கிராமம், எம்.ஏ. படித்த பெண் பிரசிடென்ட், ஓடை சுத்தம் செய்யும் நாளில் பட்டுச்சேலை என்றால் இந்தப் பக்கத்தில் என்னைவிட்டால் வேறு யார்? 'வேலையைவிடப் படத்தை நம்பும் தலைமை' என்று என்னைச் சொல்லியிருக்கிறாய்.

என் வீட்டில் நான்கு நாள் இருந்தாய். என்னோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே கேள்வி கேட்டாய். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தவளாயிற்றே என்று நானும் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தச் சேலை எதற்கு என்று மட்டும் நீ கேட்கவில்லை. அன்று காலை மூணாறில் ஒரு கல்யாணம். பந்தியில்கூட உட்காராமல் நேராக ஓடைக்கு வந்தேன்.

மன்னிப்பு வேண்டாம். வேறொன்று வேண்டும். அதே கட்டுரையில், சீனாவில் ஒவ்வொரு ஆற்றங்கரையிலும் ஒரு பலகை நிற்கும், அதில் பொறுப்பான அதிகாரியின் பெயரும் போன் நம்பரும் இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பலகையில் என்னென்ன இருக்கும்? வரிவரியாக எழுது. போனில் பேசினால் திட்டிவிடுவேன். அதனால் தபாலிலேயே அனுப்பு.

கோமதி


மீனாட்சிபுரம்
20 நவம்பர் 2024

அன்புள்ள கோமதி,

கட்டுரையில் எழுதியதை நான் திரும்பப் பெறப் போவதில்லை. நான்கு நாளில் பார்த்ததை எழுதினேன். சேலையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தவறு. ஒரு சேலையை விட்டுவிட்டால் அந்தப் பத்தியில் மற்றதெல்லாம் நிற்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நீ கேட்டது. 2018-இல் ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு கால்வாய் ஊரில் பத்து வாரம் இருந்தேன். அங்கே மாகாணத் தலைவரிலிருந்து கிராமச் செயலாளர் வரை ஆளுக்கு ஒரு துண்டு ஆறு. அவருக்கு நதித் தலைவர் என்று பெயர். பலகையில் ஆற்றின் பெயர், அந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நதித் தலைவர் யார், என்ன பதவி, என்ன செய்ய வேண்டும், அவருடைய மொபைல் எண். கடைசி வரியில் இன்னொரு எண்ணும் இருக்கும். தலைவர் எடுக்காவிட்டால் நாம் அழைக்க வேண்டிய மேலதிகாரியின் அலுவலக எண் அது.

நான் இருந்த ஊரில் ஷென் என்றொரு அம்மா. ஐம்பத்திரண்டு வயது. கட்சிச் செயலாளரும் அவர்தான், கிராமக் கமிட்டித் தலைவரும் அவர்தான். காலை ஐந்தே முக்காலுக்குக் கால்வாய் ஓரம் நடப்பார். கையில் இருக்கும் போன் எத்தனை கிலோமீட்டர் நடந்தார் என்று மேலே சொல்லிவிடும். வருடக் கடைசியில் மதிப்பெண் போடுவார்கள். தண்ணீர் கெட்டால் பதவி உயர்வு நின்றுபோகும்.

ஒன்றைக் கவனி. அந்தப் பலகைக்கு உயிர் கொடுப்பது கடைசி வரி. மேலே ஒருவர் கேட்பார் என்ற பயம் அங்கே இருக்கிறது. உனக்கு மேலே யார் கேட்பார்? கலெக்டருக்கு உன் ஓடையின் பெயர்கூடத் தெரியாது. கடைசி வரி இல்லாமல் மற்றதை மட்டும் எடுத்து நட்டால் அது ஒரு பெயர்ப்பலகை. அவ்வளவுதான்.

நர்மதா


நீர்ப்பாறை
9 டிசம்பர் 2024

நர்மதா,

பலகை நட்டாயிற்று. பதின்மூன்று மெம்பர், பதின்மூன்று பலகை.

கமிட்டி யோகம், இங்கே கூட்டத்துக்கு அப்படித்தான் பெயர், நான்கு மணி நேரம் நடந்தது. ஓடையைப் பங்கு போடுவதற்குள் பாகப்பிரிவினை போல ஆகிவிட்டது. மேலே காட்டை ஒட்டிய சுத்தமான துண்டு எல்லோருக்கும் வேண்டும். நான்காம் வார்டு முடிந்து ஒன்பதாம் வார்டு தொடங்குகிற துண்டு யாருக்கும் வேண்டாம். அங்கேதான் சாக்கும் பூச்சிமருந்து டப்பாவும் சேறும் சேர்ந்து ஓடையே தெரியாது. கடைசியில் என் கொழுந்தன் காளிச்சாமி எழுந்தான். நான்காம் வார்டு சுயேச்சை மெம்பர். எங்கள் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஆறு என்றால் அந்த ஏழாவது ஆள் இவன்தான்.

"மோசமான எடத்த பிரசிடென்டுதான் எடுக்கணும். இல்லன்னா பிரசிடென்டுன்னு எதுக்கு ஒரு ஆளு?" என்றான்.

அந்தப் பக்கத்து ஆறு பேரும் மேசையைத் தட்டினார்கள். நானும் சரி என்றேன்.

நீ சொன்ன கடைசி வரியை நான் விடவில்லை, மாற்றினேன். மேலதிகாரி எண் கிடையாது. அந்தத் துண்டிலிருந்து தண்ணீர் அடுத்து எந்த வார்டுக்குப் போகிறதோ, அந்த வார்டு மெம்பரின் எண். அழுக்கு அவருடைய ஆட்களின் குடத்தில்தான் விழும். கலெக்டர் மறப்பார், கீழ் வார்டுக்காரர் மறப்பாரா?

பலகை நட்ட முதல் வாரம் எனக்கு நூற்று நாற்பது அழைப்பு. மூணாறு மார்க்கெட்டில் கேரட் என்ன விலை என்று ஒருவர். 'எம் புருசன் ரெண்டு நாளா வீடு வரல, நீங்கதான பொறுப்பு, போர்டுல போட்ருக்கே' என்று ஒரு அம்மா. பஸ்ஸில் ஏறினால் 'சீனாக்காரி வந்துட்டா, சீட்டு விடுங்கப்பா' என்கிறார்கள். என் போன் இப்போது ஊர்ப் போன். உனக்குக் கடிதம் எழுதும்போது மட்டும்தான் குறுக்கே யாரும் பேசுவதில்லை.

கோமதி


மீனாட்சிபுரம்
19 டிசம்பர் 2024

அன்புள்ள கோமதி,

கடைசி வரியை மாற்றியது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை எழுத எனக்கு ஒரு நாள் பிடித்தது. கல்லூரியில் மாணவர்களிடம் சொன்னேன், உன் பெயர் சொல்லாமல். பால் சொசைட்டிக்குப் போனபோது அங்கே கணக்கெழுதும் வள்ளியாத்தாளிடமும் சொன்னேன். "ஏனுங்க டீச்சர், கீழ இருக்கறவன் மேல இருக்கறவனுக்குச் சொந்தக்காரனா இருந்தா என்னுங்க பண்றது?" என்று கேட்டாள். 

இன்னொரு சந்தேகம் எனக்கே இருக்கிறது. நீ எடுத்த துண்டு ஒன்பதாம் வார்டுக்கு மேலே என்கிறாய். ஒன்பதாம் வார்டு மெம்பர் நீதானே? அப்படியானால் அந்தப் பலகையில் பொறுப்பாளரும் நீ, புகார் கேட்பவரும் நீ. மற்றப் பன்னிரண்டு பலகையும் சரியாக இருந்து இருப்பதிலேயே மோசமான இடத்தில் மட்டும் இரண்டு வரியிலும் ஒரே நம்பர். இதை யாரும் கவனிக்கவில்லையா? நீயுமா?

நூற்று நாற்பது அழைப்பில் தண்ணீரைப் பற்றி வந்தது எத்தனை? தயவுசெய்து எண்ணிச் சொல்.

நர்மதா


நீர்ப்பாறை
18 ஜனவரி 2025

நர்மதா,

எண்ணிவிட்டேன். பதினொன்று. அதில் ஏழு சூசையப்பனுடையது. ஒன்பதாம் வார்டில் ஓடையோரம் டீக்கடை வைத்திருப்பவர். தினமும் காலை ஆறரைக்குக் கூப்பிடுவார்.

"பிரசிடென்டம்மா, தண்ணி இன்னிக்கும் டீ கலர்லதான் வருது. தூள் செலவு மிச்சம்னு கடைக்கு வாற ஆளுக சிரிக்குறாங்க. பாலு மட்டும் ஊத்துனா போதுமாம்."

நீ கேட்டதை நான் கவனிக்காமல் இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தத் துண்டைக் கெடுப்பது காளிச்சாமியின் கேரட் கழுவும் கொட்டகை. இந்த மலையில் பாதிக் கேரட் அங்கேதான் மிஷினில் கழுவி லாரி ஏறுகிறது. ஓடைத் தண்ணீரை மோட்டார் போட்டு எடுக்கிறான், சேற்றோடும் மருந்தோடும் ஓடையிலேயே திருப்பி விடுகிறான். யோகத்தில் அந்தத் துண்டை எனக்குத் தள்ளினானே, அது கிண்டல் மட்டும் இல்லை. மதினி பேர் பலகையில் இருந்தால் கொட்டகையை யாரும் கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

கொட்டகையை நிறுத்தினால் அவன் ஓட்டு அந்தப் பக்கம் போகும். ஏழு ஆறாகும், ஆறு ஏழாகும். அவிசுவாசப் பிரமேயம், அதாவது நம்பிக்கையில்லாத் தீர்மானம், கொண்டுவந்து என்னை இறக்கிவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் சூசையப்பன் தினமும் ஆறரைக்குக் கூப்பிடுவார், நான் தினமும் பொய் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் இரண்டு நாளாக இரண்டு பக்கமும் பேசாமல் தோட்டத்திலேயே இருக்கிறார்.

உன் ஷென் அம்மா இந்த இடத்தில் என்ன செய்திருப்பார்?

கோமதி


மீனாட்சிபுரம்
27 ஜனவரி 2025

அன்புள்ள கோமதி,

உன் கேள்விக்கு உண்மையான பதில் என்னிடம் இருக்கிறது. ஏழு வருடமாக யாரிடமும் சொல்லாதது.

ஊருக்குத் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது ஒரு நாள் காலை, ஷென்னோடு நடக்கலாம் என்று சொல்லாமல் கால்வாய்க்குப் போனேன். ஷென் இல்லை. வாத்து வளர்க்கிற ஒருவர் வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனார். அவர் கழுத்தில் ஷென்னின் போன் தொங்கியது. அந்தச் சிவப்பு உறையை நான் தினமும் பார்த்திருக்கிறேன். நான் படம் எடுத்தது, வியந்தது, குறித்து வைத்தது எல்லாம் நான் கூட இருந்த நாட்களின் நடை. மற்ற நாட்களில் நடந்தது வாத்துக்காரர்.

அன்று மாலை ஷென்னிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "மேலே இருப்பவர்கள் என் கால் எவ்வளவு நடந்தது என்று கேட்கிறார்கள். தண்ணீரைக் கெடுப்பவன் சாயப்பட்டறைக்காரன். அவன் காலையில் மட்டும்தான் இருப்பான். நான் நடந்தால் அவனிடம் உட்கார முடியாது, அவனிடம் உட்கார்ந்தால் நடக்க முடியாது" என்றார். தினமும் காலை அவன் பட்டறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அது ஏமாற்றா, தலைமையா? எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. தீர்மானிக்க முடியாததைக் கட்டுரையில் வைக்க முடியாது என்று நடையை மட்டும் எழுதினேன். ஷென்னின் படத்தை நம்பி எழுதியவள் உன் படத்தைக் குறை சொன்னேன். இதற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். போனிலேயே திட்டு.

கால்வாய் தெளிந்ததா என்று கேட்பாய். நான் கிளம்பும்வரை தெளியவில்லை. அதன் பிறகு தெரியாது.

என் யோசனை: பொறு. உனக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. பள்ளிக்கூடக் கட்டடம், ரோடு, எத்தனையோ பாதியில் நிற்கிறது என்றாய். ஒரு கொட்டகைக்காக எல்லாவற்றையும் கொடுக்காதே. நாற்காலியில் இல்லாத தலைவரால் என்ன செய்ய முடியும்?

நர்மதா


நீர்ப்பாறை
6 ஏப்ரல் 2025

அன்புள்ள நர்மதா,

ஆமாம், 'அன்புள்ள'தான். போன கடிதம் எனக்கு அவ்வளவு பிடித்தது. நீ இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பலகையே நட்டிருக்க மாட்டேன். அதனால் சொல்லாததும் நல்லதுதான்.

உன் யோசனையை விட்டுவிட்டு ஷென் செய்ததைச் செய்தேன். மூன்று நாள் காலை காளிச்சாமியின் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் காப்பி கொடுத்தான். இரண்டாம் நாள் காப்பியும் பிஸ்கட்டும். சேறு தங்குகிற மாதிரி இரண்டு தொட்டி கட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் ஓடையில் விடு, எஞ்சினீயரிடம் பிளான் வாங்கித் தருகிறேன் என்றேன். மூன்றாம் நாள் காப்பி வரவில்லை.

"மதினி, எம் ஓட்டுலதான் நீங்க அந்த நாற்காலில இருக்கீங்க. மறந்துட்டீங்களா?"

"மறக்கல தம்பி. அந்த நாற்காலில இருக்கறதாலதான் இங்க வந்து மூணு நாளா பிளாஸ்டிக் ஸ்டூல்ல இருக்கேன்."

"நான் எந்திரிச்சா நீங்க விழுவீங்க."

"விழுந்துட்டுப் போறேன். தொட்டி எப்பக் கட்டுற?"

அவன் எழுந்து மிஷினைப் போடப் போனான். நான் சொல்லி, பிப்ரவரி ஐந்தாம் தேதி பஞ்சாயத்து செக்ரட்டரி ஸ்டாப் மெமோ கொடுத்தார், கொட்டகை நின்றது. ஏழாம் தேதி என்மேல் பிரமேயம் நோட்டீஸ். இருபத்தேழாம் தேதி ஓட்டெடுப்பு. ஏழுக்கு ஆறு. காளிச்சாமி கை தூக்கும்போது என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்தான். மார்ச் பதினைந்தில் அதே ஏழு ஓட்டில் அவனே பிரசிடென்ட் ஆனான். பதவியேற்ற மறுநாளே கொட்டகையில் மிஷின் ஓடியது. ஸ்டாப் மெமோவை யாரும் கேட்கவில்லை. நான் ஒன்பதாம் வார்டு மெம்பர், அவ்வளவுதான்.

நீ பாவம் என்று நினைப்பதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் பதினேழாம் தேதி பலகைகளில் பெயர் மாற்ற பெயிண்டர் சந்துரு வந்தார். காளிச்சாமி அந்த மோசமான துண்டின் பலகையில் 'கோமதி' என்றே இருக்கட்டும் என்றான். செக்ரட்டரி தீர்மானப் புத்தகத்தை எடுத்து மலையாளத்தில் வாசித்தார். நான்காம் வார்டு மெம்பர் முன்மொழிந்தபடி, அந்தத் துண்டின் பொறுப்பு பிரசிடென்டுக்கு. என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. மாற்ற வேண்டுமானால் யோகம் கூட்டி, அந்தத் துண்டை வேறு மெம்பர் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவனை உட்கார வைத்த ஆறு பேரும் அந்தத் துண்டு என்றதும் ஜன்னலைப் பார்த்தார்கள். எனக்கு இது முன்பே தெரியும். ஓட்டெடுப்பன்று நான் பதறாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது பலகையில் முதல் நம்பர் காளிச்சாமியுடையது, கடைசி வரியில் என்னுடையது. நீ டிசம்பரில் கண்டுபிடித்த ஓட்டை நான் பதவி இழந்ததும் தானாக அடைபட்டது. சூசையப்பன் ஆறரைக்கு அவனைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஆறே முக்காலுக்கு என்னைக் கூப்பிட்டார். நான் ஏழுக்கு அவனைக் கூப்பிட்டேன்.

"பிரசிடென்ட் சார், ஒன்பதாம் வார்டு மெம்பர் பேசுறேன். தண்ணி கலங்கி வருது."

"மதினி... விடியக்காலைல ஏன் மதினி இப்படி?"

"எனக்கும் விடியக்காலைலதான் வந்துச்சு தம்பி, மூணு மாசம். யாரு கலக்குறாங்கன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா?"

ஒன்பது நாள் இப்படிப் பேசினோம். சூசையப்பன் கடையில் டீ குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் வரிசையாக அந்த நம்பரைப் போட ஆரம்பித்தார்கள். இப்போது பஸ்ஸில் அவனைத்தான் 'சீனாக்காரர்' என்கிறார்கள். பத்தாம் நாள் கொட்டகைக்குப் பின்னால் ஜேசிபி சத்தம் கேட்டது. தொட்டி தோண்டுகிறான். நான் வாங்கித் தந்த அதே பிளான். நேற்று முதல் தொட்டிக்கு ரிப்பன் வெட்டித் திறப்புவிழா, மைக், மாலை, போட்டோ எல்லாம் உண்டு. மேடையில் என்னைக் கூப்பிடவில்லை. கீழே நின்று நன்றாகக் கைதட்டினேன். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கூட்டத்தைவிட்டு வெளியே போய்விட்டார்.

பள்ளிக்கூடக் கட்டடம் பாதியில்தான் நிற்கிறது. அதற்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். டிசம்பரில் எலெக்‌ஷன். நிற்பேன்.

கோமதி


மீனாட்சிபுரம்
15 ஏப்ரல் 2025

அன்புள்ள கோமதி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முழுதாக நம்பவில்லை. ரிப்பன் வெட்டிய தொட்டிகளை நான் இரண்டு நாட்டிலும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் உங்கள் பஞ்சாயத்து ஆபீஸில் கேட்டு வாங்கி வைத்திருந்த, பலகையில் இருக்கும் அந்த நம்பருக்கு நேற்றுக் காலை நானே போன் செய்தேன். ஓடைத் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று பொதுவாகச் சொன்னேன். மூன்றாவது மணியிலேயே எடுத்தார். "எந்த எடத்துல பாத்தீங்க? பாலத்துக்கு மேலயா கீழயா? எத்தன மணிக்கு?" என்று கேட்டார். ஓடையிலதாங்க, காலையில என்றேன். "நீங்க பழைய பிரசிடென்ட் சொல்லிப் பேசுறீங்களா?" என்றார். இல்லைங்க, நானாகத்தான் பேசுகிறேன், பாலக்காட்டுப் பக்கம் ஒரு காலேஜில் டீச்சர் என்றேன். 

"அந்தக் கட்டுரை எழுதுன அம்மாவா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அங்க உக்காந்துட்டு எழுதாதீங்க. ரெண்டாவது தொட்டிக்குக் காங்கிரீட் போட்டுட்டு இருக்கேன். வந்து பாத்துட்டு எழுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தலைமை என்று நான் இருபது வருடமாக எழுதியதெல்லாம் பதவியில் இருப்பவர்களைப் பற்றி. பதவி இழந்த மறுநாள் என்ன செய்கிறார் என்று யாரையும் நான் பின்தொடர்ந்ததில்லை. இந்த முறை ஷென்னின் போனையும் வாத்துக்காரரையும் உன் சேலையையும் இருந்தபடியே எழுதப் போகிறேன். அச்சுக்குப் போகுமுன் உனக்குப் படித்துக் காட்டுவேன். பிடிக்காத வரிகள் இருக்கும், அவற்றை எடுக்க மாட்டேன்.

சனிக்கிழமை உடுமலைப்பேட்டை வழியாக மூணாறு பஸ்ஸில் வருகிறேன். இரண்டு மணிக்கு ஜீப் ஸ்டாண்டில் நில். வீட்டுக்குப் பிறகு போகலாம், முதலில் பாலத்துக்குக் கீழே தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

நர்மதா